நீண்டநாள் சர்க்கரையும் இதயத்தின் நரம்பும்: வீட்டிலிருந்தே தொடங்கும் முழுமையான வழிகாட்டி

எங்கள் அப்பச்சிக்குச் சர்க்கரை வந்து 23 வருடம் ஆகிறது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர், "ஐயா, உங்களுக்கு மாரடைப்பு எப்போது வந்தது?" என்று கேட்டார். வரவே இல்லை என்றார் அப்பச்சி. நாங்களும் அதையேதான் சொன்னோம். ஆனால் அந்தத் தாளில் பழைய மாரடைப்பின் தழும்பு இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததில், எட்டு மாதத்துக்கு முன் கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாணத்துக்குப் போய்வந்த ராத்திரி நினைவுக்கு வந்தது. சட்டை நனைய வேர்த்து, இரண்டு தடவை வாந்தி எடுத்து, "சாப்பாடு ஒத்துக்கலை ஆத்தா" என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நெஞ்சில் துளி வலி இல்லை. நாங்களும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டோம்.

அந்த வலியைச் சொல்லியிருக்க வேண்டிய நரம்புகள் முன்பே பழுதாகியிருந்தன. கார்டியாக் ஆட்டோனமிக் நியூரோபதி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இதயத்தை நாம் கேட்காமலே நடத்திவரும் தன்னியக்க நரம்புகள் சர்க்கரையால் கெட்டுப்போவது. இந்தப் பழுது தானாக வந்து கதவைத் தட்டாது. நாம்தான் தேடிப்போய்க் கண்டுபிடிக்க வேண்டும். எப்படித் தேடுவது, கண்டுபிடித்தால் என்ன செய்வது என்பதை, நாங்கள் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

செட்டிநாட்டு வீடுகளில் பல, ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் கொல்லை வாசலில் முடியும். முகப்பில் நின்று கூப்பிட்டால் வளவு (தூண்கள் சூழ்ந்த நடு முற்றம்) தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டி, அடுப்படியில் இருப்பவர் காதில் விழ வேண்டும். வீடு எவ்வளவு நீளமோ, கூப்பிட்டது கேட்காமல் போக அவ்வளவு வாய்ப்பு. நரம்பும் அப்படித்தான். சர்க்கரை முதலில் நீளமான நரம்புகளைத்தான் அரிக்கும். பாதம் மரத்துப்போவது அதனால்தான். தன்னியக்க நரம்புகளில் நீளமானது வேகஸ். மூளையின் அடித்தண்டில் புறப்பட்டு, கழுத்து, நெஞ்சு வழியாக வயிறுவரை போகிறது.

இதயத்துக்கு வேகஸ் கடிவாளம் மாதிரி. ஓய்வாக இருக்கும்போது துடிப்பை இழுத்துப்பிடித்து மெதுவாக்கும். அது முதலில் கெடுவதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 90, 100 என்று ஓடும். அப்புறம் சிம்பதெட்டிக் என்ற எதிர்த்தரப்பு நரம்புகளும் கெடும். நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்காமல், ரத்தக்குழாய்களைச் சுருக்கிப் பிடிப்பது அவற்றின் வேலை. அந்தப் பிடி போனால், நின்றதும் பிரஷர் இறங்கிக் கண் இருட்டும். நெஞ்சுவலியை மூளைக்குக் கொண்டுபோகும் இழைகளும் இவற்றோடுதான் ஓடுகின்றன. சர்க்கரைக்காரர்களுக்கு வலியில்லாத மாரடைப்பு வர இது ஒரு முக்கியமான காரணம்.

முதல் படி: வீட்டில் எதைக் கவனிப்பது

வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் ஒரு வாரம் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். காலையில் கண் விழித்ததும், காப்பிக்கு முன்னால், படுத்தபடியே நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். தினமும் 100-க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். 90-க்கு மேல் நின்றுகொண்டிருந்தாலும் குறித்து வையுங்கள். ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல் எல்லாமே துடிப்பை ஏற்றும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

எழுந்ததும் தள்ளாடுவது, கழுத்தும் தோளும் கனத்து வலிப்பது, சாப்பிட்டுவிட்டு எழும்போது தலை லேசாவது, முன்பு சாதாரணமாக ஏறிய மாடிப்படியில் இப்போது பாதியில் நிற்பது ஆகியவை அடுத்த அறிகுறிகள். அப்பச்சி மத்தியானச் சாப்பாடு முடிந்து எழுந்தால் வளவில் முதல் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். பர்மாத் தேக்கை ரசிக்கிறார் என்று நினைத்தோம். கேட்டால் "ஒண்ணுமில்ல, வெயில்தான்" என்பார். அந்தத் தூணில் அவர் கை படும் இடம் மட்டும் பளபளவென்று ஆகியிருந்தது.

தன்னியக்க நரம்பு ஓரிடத்தில் கெட்டால் மற்ற இடங்களிலும் கெட்டிருக்க வாய்ப்புண்டு. சாப்பிட்டது மணிக்கணக்கில் வயிற்றில் கிடப்பது, ராத்திரியில் வயிற்றுப்போக்கு, சிறுநீர் முழுசாகப் போகாமை, பாதத்தில் வேர்வையே இல்லாமை, சாப்பிடும்போது முகத்தில் மட்டும் வேர்ப்பது, ஆண்களுக்கு விறைப்புக் குறைவு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கடைசியாகச் சொன்னதை நம் வீட்டுப் பெரியவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. அது இதயத்தைப் பற்றிய துப்பாகவும் இருக்கலாம் என்பதால், டாக்டரிடம் தனியாகவாவது சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: படுத்து ஒன்று, நின்று இரண்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், மேல்கையில் பட்டை சுற்றும் பி.பி. மெஷின் போதும். மணிக்கட்டு மெஷின் வேண்டாம்.

ஐந்து நிமிடம் பேசாமல் படுக்க வைத்து, பிரஷரையும் பல்ஸையும் எடுங்கள். பட்டையைக் கழற்றாமலே எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு தடவை எடுங்கள். நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் பிரஷர் கூடுதலாகக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். முழங்கையை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி நீங்கள் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே உட்கார வைத்துவிடுங்கள், எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மேல் அளவு 20-ஓ அதற்கு மேலோ, கீழ் அளவு 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால், நிற்கும்போது பிரஷர் விழுகிறது என்று பொருள். அதோடு பல்ஸையும் பாருங்கள். நல்ல நரம்பு இருப்பவருக்குப் பிரஷர் இறங்கினால் பல்ஸ் ஓடி ஏறி ஈடுகட்டும். பிரஷர் 30 இறங்கியும் பல்ஸ் ஏழோ எட்டோதான் ஏறியது என்றால் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். (துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பல்ஸ் எப்படியும் ஏறாது.) காலையில் எழுந்ததும் ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மூன்று நாள் எடுத்தால் போதும்.

அப்பச்சிக்கு முதல் நாள் படுத்திருக்கையில் 158/84, நின்ற மூன்றாவது நிமிடம் 118/70. பல்ஸ் 94-லிருந்து 97. அதற்கு முன் ஒரு மருத்துவமனையில் எப்போதும் உட்கார வைத்தே பிரஷர் பார்த்து, கூடுதலாக இருக்கிறது என்று சிறுநீர் போக வைக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அது சேர்ந்த இரண்டாம் வாரத்தில்தான் கொல்லைப் படியில் விழுந்து நெற்றியில் நான்கு தையல் போட்டது. யாராவது ஒரே ஒரு தடவை நிற்க வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அன்று பார்க்காமல் விட்டவர்களில் நானும் ஒருத்தி.

மூன்றாம் படி: டாக்டரிடம் என்ன கேட்பது

டைப் 2 சர்க்கரை என்றால், சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்தே இந்த நரம்புக் கோளாறை வருடா வருடம் தேட வேண்டும். டைப் 1 என்றால் ஐந்து வருடம் கழிந்ததிலிருந்து. உங்கள் எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய், "தன்னியக்க நரம்புப் பரிசோதனை செய்ய முடியுமா?" என்று நேராகவே கேளுங்கள். பெரிய ஊர்களின் சர்க்கரை மருத்துவமனைகள் பலவற்றில் இதற்குக் கருவி இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் இதற்கு மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கலாம்.

பரிசோதனையில் ஊசி கிடையாது, வலி கிடையாது. ஈ.சி.ஜி. ஒட்டிக்கொண்டு நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று ஆழமாக விடச் சொல்வார்கள், ஐந்து விநாடி இழுத்து ஐந்து விநாடி விடுவது. மூச்சு இழுக்கும்போது துடிப்பு ஏறும், விடும்போது இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் 15-க்கு மேல் இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே போனால் வேகஸ் கெட்டிருக்கிறது. வயதாக ஆக இது இயல்பாகவும் குறையும் என்பதால் வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அப்பச்சிக்கு வந்தது நான்கு. திரையில் அந்தக் கோடு சீப்புப் பல் மாதிரி ஒரே இடைவெளியில் ஓடியதைப் பார்த்தேன். மூச்சு உள்ளே போனதும் வெளியே வந்ததும் இதயத்துக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் நின்றதும் துடிப்பு எப்படி மாறுகிறது, ஒரு குழாயில் 40 மி.மீ. அழுத்தத்தில் 15 விநாடி ஊதினால் எப்படி மாறுகிறது என்று பார்ப்பார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் யூயிங் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1970-களில் ஒழுங்குபடுத்திய முறை இது, இன்றும் அதுதான் அடிப்படை. கண்ணின் விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பவர்கள் ஊதும் பரிசோதனை செய்யக்கூடாது. கண்ணுக்கு லேசர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு சோதனை தவறினால் ஆரம்ப நிலை, இரண்டு மூன்று தவறினால் உறுதி, அதோடு நிற்கும்போது பிரஷரும் விழுந்தால் முற்றிய நிலை என்று கணக்கிடுவார்கள்.

சாதாரண ஈ.சி.ஜி.யில் பழைய மாரடைப்பு, க்யூ.டி. இடைவெளி (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்க எடுக்கும் நேரம்) நீண்டிருக்கிறதா என்பவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, கிரியாட்டினின், பி12 ரத்தப் பரிசோதனைகளும் வேண்டும். வருடக்கணக்கில் மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும், அதுவும் நரம்பைக் கெடுக்கும், ஆனால் அதைச் சரிசெய்ய முடியும்.

வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சிறுநீர் பிரியும் மாத்திரை, பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் டாபாகிளிஃப்ளோசின் வகை எல்லாம் நின்றால் பிரஷர் விழுவதைக் கூட்டலாம். இவற்றில் சில இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. ஆகவே எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எதைக் குறைக்கலாம், எதை வேளை மாற்றலாம் என்று டாக்டர் சொல்லட்டும்.

நான்காம் படி: எழுந்து நிற்பதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது

கெட்ட நரம்பை முழுசாகத் திருப்பிக் கொண்டுவர இன்று மருந்தில்லை. விழாமல் வாழ நிறைய வழி இருக்கிறது. படுக்கையில் கண் விழித்ததும் முதலில் ஒருக்களித்து எழுந்து, காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டி, முஷ்டியை இறுக்கி விட வேண்டும். அப்புறம் கட்டிலைப் பிடித்து எழுந்து, பத்து எண்ணிவிட்டு நடக்க வேண்டும். நிற்கும்போது இருட்டிக்கொண்டு வந்தால் ஒரு காலை மறு காலுக்குக் குறுக்கே வைத்து தொடையை இறுக்கலாம், இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்துவிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எழுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் இரண்டு டம்ளர், அதாவது அரை லிட்டர் அளவு தண்ணீரை மடமடவென்று குடித்தால் கொஞ்ச நேரத்துக்குப் பிரஷர் தாங்கும். இதயம் வீங்கியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். உப்பைக் கூட்டுவதும் அப்படியே.

இவர்களுக்கு நின்றால் இறங்கும் பிரஷர், படுத்தால் ஏறும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலக் கட்டை வைத்து உயர்த்தினால் இரண்டுக்கும் உதவும். தலையணையை அடுக்குவது கழுத்தைத்தான் வளைக்கும், கட்டிலே சரிய வேண்டும். இதெல்லாம் போதாவிட்டால் தொடைவரை இறுக்கும் காலுறை, வயிற்றுப் பட்டை, பிரஷரைத் தாங்கிப்பிடிக்கும் மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரைகள் என்று டாக்டர் கையில் இன்னும் வழி இருக்கிறது.

நம் பக்கத்து வீடுகளில் இன்னொரு பிரச்சினை. குளியலறையும் கழிப்பறையும் கடைசிக் கட்டுக்கு அப்பால் கொல்லையில் இருக்கும். நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு மூன்று உயரமான நிலைவாசல்களையும் வழுக்கும் ஆத்தங்குடிக் கல் தரையையும் தாண்டிப் போவது, பிரஷர் விழும் ஒருவருக்கு ஆபத்தான பயணம். அப்பச்சியின் கட்டிலை முகப்பு அறையிலிருந்து இரண்டாம் கட்டுக்கு மாற்றினோம். மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்தில் சிறுநீர்க் குடுவை, வழியெல்லாம் சின்ன விளக்கு, கொல்லைப் படியில் கைப்பிடிக் கம்பி. ஆண்கள் ராத்திரியில் நின்றபடி சிறுநீர் கழிக்கும்போதுதான் பலர் மயங்கி விழுகிறார்கள். உட்கார்ந்தே போகச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: சர்க்கரையும் சாப்பாடும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை டைப் 1 நோயாளிகள் 1,441 பேரை வைத்து நடந்த டி.சி.சி.டி. ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு இந்த நரம்புப் பழுது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. டைப் 2-வில் சர்க்கரை மட்டும் குறைந்தால் போதவில்லை. டென்மார்க்கில் 160 பேரைச் சுமார் எட்டு வருடம் தொடர்ந்த ஸ்டெனோ-2 ஆய்வில் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, புகை, உடற்பயிற்சி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்தபோதுதான் தன்னியக்க நரம்பு பாதி அளவுக்கு மேல் காப்பாற்றப்பட்டது.

ஆனால் நரம்பு ஏற்கெனவே கெட்டவருக்கு அவசரம் கூடாது. 10,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட அக்கார்ட் ஆய்வில் எச்பிஏ1சி-யை (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்த அளவு) 6-க்குக் கீழே இறக்க முனைந்த பிரிவில் இறப்பு கூடியதால், 2008-ல் அந்தப் பகுதியை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முக்கியமாகப் பயப்பட வேண்டியது லோ சுகர். படபடப்பும் நடுக்கமும்தான் சர்க்கரை இறங்குவதை நமக்குச் சொல்லும். அவற்றை எழுப்பும் நரம்பும் கெட்டால் அறிவிப்பே இல்லாமல் குழப்பம், மயக்கம் என்று நேராகப் போய்விடும். வயதானவர்களுக்கு எச்பிஏ1சி 7-க்கும் 8-க்கும் இடையில் ஓர் இலக்கை டாக்டர் வைத்தால், அதைச் சலுகை என்று நினைக்காதீர்கள்.

பிள்ளையார் நோன்பன்று இழை எடுக்கும்வரை, அதாவது நோன்பை முடிக்கும்வரை, வெறும் வயிற்றோடு இருப்பது நம் வழக்கம். சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்றைக்கு மருந்தை என்ன செய்வது என்று ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

சாப்பாட்டில் அளவுதான் முக்கியம். வயிறு முட்டச் சோறு தின்றால் ரத்தம் குடல் பக்கம் போய், இரண்டு மணி நேரத்துக்குள் பிரஷர் இறங்கும். அப்பச்சி தூணைப் பிடித்தது அதனால்தான். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்தோம். கல்யாண வீட்டில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் ஒரே இலையில் வந்தால் ஒன்றில் பாதி எடுத்துக்கொள்கிறார், சாப்பிட்டதும் அரை மணி நேரம் பந்தியை விட்டுத் தள்ளி உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறார்.

ஆறாம் படி: நடை

நடப்பது நல்லது, வேகஸுக்கும் நல்லது. தொடங்குவதற்கு முன் இதய டாக்டரிடம் எக்கோ, தேவைப்பட்டால் டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இவர்களுக்கு இதயத் துடிப்பு தேவைக்கேற்ப ஏறாது, வலியும் எச்சரிக்காது. ஆகவே கைக்கடிகாரம் காட்டும் பல்ஸ் இலக்கை நம்ப வேண்டாம். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதுதான் அளவுகோல். மூச்சு வாங்கிப் பேச்சு துண்டானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து நிமிடம் மெதுவாகத் தொடங்கி, முடிக்கும்போதும் மெதுவாக்க வேண்டும். உடம்பு வேர்வையைச் சரியாக விடாததால் மாசி முடிந்த பிறகு எங்கள் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் நடை வேண்டவே வேண்டாம்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போவது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை வழக்கம். அப்பச்சி 31 தடவை நடந்தவர். இனி நடக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை. இந்த நோய் உறுதியானவர்கள், மரத்துப்போன பாதத்தோடு, நாள் முழுக்க அத்தனை தூரம் நடக்கக்கூடாது என்பதுதான் என் கருத்தும். இப்போது காவடி புறப்படும் நாளில் குன்றக்குடிக்குக் காரில் போய், மலைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடப்பவர்களுக்கு மோர் கொடுக்கிறார்.

ஏழாம் படி: வலிக்காத மாரடைப்பைப் பிடிப்பது

காரணமில்லாத திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வேர்வை, வாந்தி, நிற்க முடியாத அசதி, மாத்திரை தவறாமலே சர்க்கரை திடீரென்று எகிறுவது. 10, 15 வருடச் சர்க்கரைக்காரருக்கு இதில் ஏதாவது வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அது மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சர்க்கரை அளவைக் குத்திப் பாருங்கள், லோ சுகரிலும் இப்படி வேர்க்கும். அது இல்லையென்றால் ஓமத்தண்ணீரும் சோடாவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, "சர்க்கரைக்காரர், மாரடைப்பு சந்தேகம்" என்று சொல்லுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றாலும் தயங்க வேண்டாம். 2023-லிருந்து தமிழ்நாடு அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும், மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

எட்டாம் படி: ஆபரேஷனுக்கு முன்

மயக்க மருந்து கொடுக்கும்போது பிரஷர் சட்டென்று விழுவதும், இதயம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போவதும் இவர்களுக்கு அதிகம். வயிறு மெதுவாகக் காலியாவதால், சொன்ன நேரம் பட்டினி இருந்தும் உணவு உள்ளே தங்கியிருக்கலாம். எனவே பல் பிடுங்குவதாக இருந்தாலும் மூட்டு மாற்று ஆபரேஷனாக இருந்தாலும், மயக்க மருந்து டாக்டரை முன்னதாகவே சந்தித்து இதைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு அட்டையில் எழுதி, அப்பச்சியின் சட்டைப்பையில் ஆதார் கார்டோடு வைத்திருக்கிறோம்: "23 வருடச் சர்க்கரை. இதயத் தன்னியக்க நரம்புப் பழுது. வலியில்லா மாரடைப்பு வந்தவர். நின்றால் பிரஷர் விழும்." கீழே மாத்திரைகளின் பெயரும் என் போன் நம்பரும். கண்புரை ஆபரேஷன் அந்த அட்டையைக் காட்டிய பிறகு, கண்ணுக்கு மட்டும் மரக்க மருந்து போட்டு, இருபது நிமிடத்தில் முடிந்தது. முடிந்ததும் அவரை இரண்டு நிமிடம் உட்கார வைத்து, காலை ஆட்டச் சொல்லிவிட்டுத்தான் நர்ஸம்மா எழுப்பினார்.